முற்றுப்பெறாத கற்குவியல்

தியானத்திற்கான வேதபகுதிகள்: யோசுவா 4:1-9, தானியேல் 1:1-7, நெகேமியா 9:1-3





கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம்முடைய ஞாயிறு பாடசாலையில் படிக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். செப்டெம்பர் 30ஆம் நாள் எல்லாப் பிள்ளைகளும் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்து வரவேண்டும் என்று பாடசாலையில் சொல்லியிருப்பதாகக் கூறினாள். அது ஏன் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். இந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளில் அடைத்ததையும், ஒரு சிறுமியின் புதுச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டதையும் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி முடித்தாள். பின்பு என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பாஸ்டர், அந்தப் பள்ளிக்கூடங்களை நடத்தினது சேர்ச்தானே?" என்று கேட்டாள்.

"அது பெரிய கதை, பிறகு சொல்லுகிறேன்" என்று சொல்லி, அவள் தலையைத் தடவி அனுப்பிவிட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் பதில் என் உள்ளத்தைக் குத்திற்று. கதை பெரியது என்பது மெய்யே. ஆயினும் நான் அவளை அனுப்பிவிட்டது அதன் நீளத்திற்காக அல்ல. "ஆம்" என்று சொல்ல வெட்கப்பட்டதாலேயே அனுப்பினேன். அச்சிறுமிக்கு நான் கடன்பட்டிருக்கிற பதிலை இவ்வாரத் தியானமாக உங்கள் முன் வைக்கிறேன். அதே கேள்வி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒருநாள் எழும்பும். அப்பொழுது நீங்களும் என்னைப்போல் ஒளிந்துகொள்ளாதபடிக்கு இதை எழுதுகிறேன்.

கில்காலின் கற்களும் சட்பரியின் கற்களும்

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவரும்படி கர்த்தர் கட்டளையிட்டார். அக்கற்கள் கில்காலில் நாட்டப்பட்டன. அவற்றின் நோக்கம் அழகு அன்று. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு கேள்வி கேட்பார்கள், பெற்றோர் பதில் சொல்லவேண்டும் என்பதே நோக்கம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள் என்று தேவன் முன்னரே எதிர்பார்த்தார். கேள்வி பிள்ளையினுடையது, பதில் சொல்லும் பொறுப்பு மூத்தோருடையது.

நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில், சட்பரி நகரில், வேறொரு கற்குவியல் உண்டு. அதன் கதை 1985ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அல்பெர்டா பில்லி என்னும் பூர்வகுடிப் பெண்மணி, தாம் உறுப்பினராயிருந்த கனடா ஐக்கிய திருச்சபையின் தலைவர்கள் முன் எழுந்து நின்று, சபை தம் மக்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றார். மறு ஆண்டு, 1986 ஆகஸ்ட் 15ஆம் நாள், சட்பரியில் கூடிய அச்சபையின் பொதுச்சங்கம் அவ்வாறே செய்தது. சபைத் தலைவர் ராபர்ட் ஸ்மித் பூர்வகுடி மூப்பர்களிடம் சென்று, எங்கள் நாகரிகத்தையும் சுவிசேஷத்தையும் ஒன்றெனக் குழப்பி, உங்கள் ஆவிக்குரிய செல்வத்தைக் காணாமற்போனோம் என்னும் பொருள்பட அறிக்கை செய்து மன்னிப்பு வேண்டினார்.

மூப்பர்கள் அதைக் கேட்டார்கள், கேட்டதை ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், மன்னித்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அச்சொற்களைச் சபை வாழ்ந்து காட்டுமா என்று பார்ப்போம் என்பதே அவர்களுடைய மனநிலையாயிருந்தது. அவ்விடத்தில் நினைவாக எழுப்பப்பட்ட கற்குவியல் வேண்டுமென்றே முற்றுப்பெறாமல் விடப்பட்டது. சபை தன் சொல்லைச் செயலாக்குகிற அளவிலேயே அது வளரவேண்டும் என்பது அதன் பொருள்.

அதே ஆகஸ்ட் மாதத்தின் 11ஆம் நாளை நம்மில் பலர் மறக்கமாட்டோம். சட்பரிக்கு நான்கு நாட்களுக்கு முன், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். நம் மக்கள் இந்நாட்டின் வாசலில் வந்து நின்ற அதே வாரத்தில், இந்நாட்டின் மூத்த குடிகளிடம் ஒரு திருச்சபை தலைகுனிந்து நின்றது. நாம் நம்முடைய படகின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். மற்றக் கதையைச் சொன்னோமா?

காயத்திற்கு முன்னிருந்த வாழ்வு

பிள்ளைகளுக்குப் பூர்வகுடி மக்களைப் பற்றிக் கற்பிக்கும்போது பலர் செய்யும் தவறு, காயத்திலிருந்து தொடங்குவது. அப்படித் தொடங்கினால் பிள்ளையின் மனதில் இரக்கம் மட்டுமே எஞ்சும். மதிப்பு வராது. ஆகையால் முதலில் அவர்கள் யார் என்று சொல்லுவோம்.

கனடா என்னும் பெயரே ஊர் அல்லது குடியிருப்பு என்று பொருள்படும் இரோக்குவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ரொறன்ரோ என்னும் பெயர், நீரில் மரங்கள் நிற்கும் இடம் என்னும் மோஹாக் சொல்லோடு தொடர்புடையது. நாம் நாள்தோறும் முகவரியில் எழுதுவது அவர்களுடைய மொழிகளையே.

இப்பகுதியின் மக்களில் ஹோடெனோஷோனி கூட்டமைப்பினர் ஒரு சாரார். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்னும் ஐந்து இனங்கள் தங்களுக்குள் நடந்த போர்களை நிறுத்தி, ஆயுதங்களை ஒரு வெள்ளைப் பைன் மரத்தின்கீழ்ப் புதைத்துச் சமாதானப் பேரறம் ஒன்றை ஏற்படுத்தினதாக அவர்களுடைய மரபு கூறுகிறது. பிற்காலத்தில் டஸ்கரோரா இனத்தவர் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் நாளைப் பற்றி ஏசாயாவில் வாசிக்கிற நமக்கு இது அந்நியமாகத் தோன்றலாகாது. அவர்களிடத்தில் தலைவர்களைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் குலத்தாய்மாருடையது. கூட்டம் எதுவும் கூடுவதற்கு முன் மனிதர், பூமி, நீர், மீன், செடி, பறவை, காற்று, சூரியன், சந்திரன் என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, கடைசியாகச் சிருஷ்டிகருக்கு நன்றி சொல்லும் நீண்ட ஸ்தோத்திர உரை ஒன்றை அவர்கள் சொல்லுவார்கள். 148ஆம் சங்கீதத்தை அறிந்த எவரும் அதைக் கேட்டுத் தலைவணங்குவர். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். சோளத்தின் தண்டில் அவரை படரும். அவரை மண்ணை வளமாக்கும். பூசணியின் இலை ஈரத்தைக் காக்கும்.

மற்றொரு சாரார் அனிஷினாபே மக்கள். மிசிசாகா மக்கள் அவர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மொழியில் ஒரு நயம் உண்டு. தமிழ் இலக்கணம் பெயர்களை உயர்திணை, அஃறிணை என்று பிரிப்பதுபோல, அம்மொழி உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. அப்பிரிவில் கல், உயிருள்ளவற்றோடு சேர்கிறது. கற்களைச் சாட்சியாக நிறுத்திய யோசுவாவின் கதையை அவர்கள் நம்மைவிட எளிதாக விளங்கிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்நகரின் நிலம் எப்படிக் கைமாறியது என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும். மிசிசாகா மக்களோடு 1787இல் தொடங்கி 1805இல் உறுதிசெய்யப்பட்ட 13ஆம் உடன்படிக்கை, இன்றைய ரொறன்ரோவின் பெரும்பகுதியை உள்ளடக்கியது. 250,830 ஏக்கர் நிலத்துக்கு 1805இல் கொடுக்கப்பட்ட விலை 10 ஷில்லிங். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 2010இல், கனடா அரசு அதன்பேரில் ஏறத்தாழ 145 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், நம் சொந்த வீட்டின் உறுதிப்பத்திரத்துக்கு அடியில் இருக்கும் இந்தப் பழைய பத்திரத்தையும் அறிந்திருப்பது நலம்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள்

இப்பொழுது கடினமான பகுதிக்கு வருகிறோம்.

தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். பாபிலோன் ராஜா யூதாவின் வாலிபரைத் தன் அரண்மனைக்குக் கொண்டுவருகிறான். அவர்களுக்குக் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்பிக்கிறான். அவர்களுடைய உணவை மாற்றுகிறான். கடைசியாக, தேவனுடைய நாமத்தைத் தாங்கியிருந்த அவர்களுடைய பெயர்களையும் மாற்றுகிறான். தானியேல் பெல்தெஷாத்சார் ஆகிறான். ஒரு ஜனத்தைப் பட்டயத்தால் மட்டும் அன்று, பள்ளியாலும் அழிக்க முயலலாம் என்பதை வேதம் அறிந்திருக்கிறது.

கனடாவில் அது நடந்தது. 1880களில் மத்திய அரசு விடுதிப் பள்ளிகளின் அமைப்பை உருவாக்கியது. பணமும் சட்டமும் அரசினுடையவை. அவற்றை நாள்தோறும் நடத்தியவை பெரும்பாலும் திருச்சபைகள்: கத்தோலிக்கத் திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை, மெதடிஸ்த சபையும் அதன் வழிவந்த ஐக்கிய திருச்சபையும், பிரஸ்பிட்டேரியன் திருச்சபை. 1920இல் சட்டம் திருத்தப்பட்டு, 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் வருகை கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டில், பூர்வகுடி விவகாரத் துறையின் உயர் அதிகாரி டங்கன் கெம்பல் ஸ்கொட், கனடியச் சமுதாயத்தில் கரைந்துபோகாத பூர்வகுடி ஒருவரும் எஞ்சாதவரை இம்முயற்சி தொடரும் என்னும் கருத்தை வெளிப்படையாகவே கூறினார். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இவ்வமைப்பினூடாகச் சென்றார்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில் பிரான்ட்போர்ட் நகரில் மோஹாக் இன்ஸ்டிட்யூட் என்னும் பள்ளிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கிலிக்கன் மிஷன் சங்கம் ஒன்று நிறுவிய அப்பள்ளியில் 1831 முதல் பிள்ளைகள் தங்கவைக்கப்பட்டார்கள். 1970இல் அது மூடப்பட்டது. நாள்தோறும் கிடைத்த கஞ்சியை வைத்து, பிள்ளைகள் அதற்குக் கஞ்சிப் பொந்து என்று பொருள்படும் பட்டப்பெயர் இட்டிருந்தார்கள்.

இப்பள்ளிகளில் பிள்ளைகளின் தலைமயிர் வெட்டப்பட்டது. பெயருக்குப் பதிலாக எண் கொடுக்கப்பட்டது. தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஒரே பள்ளியிலிருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளத் தடுக்கப்பட்டார்கள். பலர் அடிக்கப்பட்டார்கள். பலர், சொல்லத் தகாத விதத்தில், தங்களைக் காக்கவேண்டியவர்களாலேயே கெடுக்கப்பட்டார்கள்.

மரணமும் அங்கே இருந்தது. அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான டாக்டர் பீட்டர் பிரைஸ், 1907இல் மேற்குப் பகுதியின் 15 பள்ளிகளை ஆராய்ந்தார். அங்கே சேர்ந்திருந்த 1,537 பிள்ளைகளில் 24 விழுக்காட்டினர் இறந்துபோயிருந்தனர் என்று அவர் அறிக்கையிட்டார். காசநோய், நெருக்கடி, காற்றோட்டமின்மை ஆகியவை காரணங்கள். திருத்தவேண்டியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தார். பெரும்பாலானவை செய்யப்படவில்லை. ஓய்வுபெற்றபின் 1922இல், இது ஒரு தேசியக் குற்றம் என்று தலைப்பிலேயே கூறும் சிறு நூலைத் தாமே வெளியிட்டார். ஆகவே, அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. தெரிந்தது, எழுதப்பட்டது, அச்சிடப்பட்டது. வினிபெக்கிலுள்ள உண்மைக்கும் ஒப்புரவுக்குமான தேசிய நிலையத்தின் நினைவுப் பதிவேட்டில், வீடு திரும்பாத 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் இன்று உள்ளன.

எண்களைவிட ஒரு பிள்ளையின் பெயர் நம்மை அதிகமாய் நிறுத்தும். சேனி வென்ஜாக் பன்னிரண்டு வயது அனிஷினாபேச் சிறுவன். கெனோரா நகரில் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை நடத்திய விடுதியில் இருந்தான். அவன் வீடு ஒகோக்கி போஸ்ட் என்னும் ஊரில், ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. 1966 அக்டோபரில் அவன் விடுதியைவிட்டு ஓடி, இருப்புப்பாதை வழியே தகப்பனிடம் போக நடந்தான். மெல்லிய உடையோடு, குளிரிலும் மழையிலும் நடந்த அவனுடைய உடல் அப்பாதையருகே கண்டெடுக்கப்பட்டது. ஊதாரி மைந்தனின் உவமையில் மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். சேனி எந்தத் தவறும் செய்யாத மைந்தன். அவன் தகப்பன் ஓடிவரக்கூடிய தூரத்தில் இருக்கவில்லை.

செம்மஞ்சள் சட்டையின் கதையும் இதில் சேர்ந்ததே. 1973இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு, பள்ளிக்குப் போகும் நாளுக்கென்று பாட்டி புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். மிஷன் விடுதியில் முதல் நாளே அது கழற்றப்பட்டது, திரும்பக் கொடுக்கப்படவில்லை. 2013இல் அவர் தம் கதையைச் சொன்னதிலிருந்து செப்டெம்பர் 30 செம்மஞ்சள் சட்டை நாளாயிற்று. 2021 முதல் அது உண்மைக்கும் ஒப்புரவுக்குமான தேசிய நாளுமாகும்.

சுவிசேஷம் நமக்கு எந்த மொழியில் வந்தது?

பிரியமானவர்களே, இதை எழுதும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. சுவிசேஷம் நமக்கு எந்த மொழியில் வந்தது?

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் கற்றார். 1714, 1715 ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. கிறிஸ்துவைப் பெற்றுக்கொள்ளத் தமிழை விட்டுவிடவேண்டும் என்று அவர் நம் முன்னோரிடம் சொல்லவில்லை. ஆகையால் நாம் இன்றும் தமிழில் ஜெபிக்கிறோம், தமிழில் அழுகிறோம், தமிழில் நம்முடையவர்களை அடக்கம் செய்கிறோம்.

கனடாவிலும் அப்படித் தொடங்கியவர்கள் இருந்தார்கள். ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் மெதடிஸ்த மிஷனரி 1840 அளவில் நோர்வே ஹவுஸ் என்னுமிடத்தில் கிரீ மொழிக்கென்று ஓர் அசையெழுத்து முறையைக் கொண்டு ஞானப்பாட்டுகளை அச்சிட்டார். கிரீ மக்கள் அவ்வெழுத்தைத் தங்களுடையதாக்கி இன்றளவும் எழுதுகிறார்கள். ஆகவே வேறு வழி தெரியாதிருந்தது என்று சபை சொல்ல இடமில்லை. மொழியைக் கற்று அதற்குள் சுவிசேஷத்தை வைக்கும் வழியும் தெரிந்திருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து மொழியைப் பிடுங்கும் வழியும் தெரிந்திருந்தது. அரசின் பணம் வந்தபோது, பெரும்பாலும் இரண்டாம் வழியே தெரிந்துகொள்ளப்பட்டது.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கியபோது, கூடியிருந்த ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஜென்மபாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். எல்லாரையும் ஒரே மொழி பேசவைப்பது பாபேலின் கனவு. பெந்தெகொஸ்தேயின் சபை பாபேலின் வேலையைச் செய்தது என்பதே இப்பாவத்தின் வேர்.

பனி கொட்டும் சனிக்கிழமைக் காலையில் பிள்ளையை எழுப்பித் தமிழ் வகுப்புக்கு வண்டியோட்டிச் செல்லும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்கு இது நன்றாய் விளங்கும். பாட்டியோடு பேசத் தெரியாத பேரப்பிள்ளையைக் காணும் வலி உங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எரிந்தது காகிதம் மட்டும் அன்று என்பதும் தெரியும். அந்த வலியை, ஒரு பிள்ளை அல்ல, ஏழு தலைமுறைகளின் பிள்ளைகள் அனுபவித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதைச் செய்த கையில் வேதாகமம் இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அறிக்கையும் அதற்குப் பின்னும்

சட்பரியின் அறிக்கைக்குப் பின் மற்றச் சபைகளும் வந்தன. 1993இல் அங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் பியர்ஸ் மன்னிப்புக் கேட்டார். 1994இல் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை தன் பாவத்தை அறிக்கையிட்டது. 1998இல் ஐக்கிய திருச்சபை விடுதிப் பள்ளிகளுக்காகவே தனியாக மன்னிப்புக் கேட்டது. 2008 ஜூன் 11 அன்று பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் அல்பர்ட்டாவின் மாஸ்க்வாசிஸ் ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

2008இல் அமைக்கப்பட்ட உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணைக்குழு, அனிஷினாபே நீதிபதி மரே சின்கிளேர் தலைமையில், 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டது. நடந்தது பண்பாட்டு இனஅழிப்பு என்று கூறி, 2015இல் 94 அழைப்புகளை வெளியிட்டது. பள்ளியே இக்காயத்தை உண்டாக்கியது, பள்ளியே இதை ஆற்றவும் வேண்டும் என்பது சின்கிளேர் பலமுறை வலியுறுத்திய கருத்து.

அவ்வழைப்புகளில் மூன்று நம்மைத் தொடுகின்றன. 62ஆம் அழைப்பு, விடுதிப் பள்ளிகள், உடன்படிக்கைகள், பூர்வகுடி மக்களின் பங்களிப்பு ஆகியவற்றை எல்லா வகுப்புகளிலும் வயதுக்கேற்பக் கட்டாயமாய்க் கற்பிக்கச் சொல்கிறது. நம் சிறுமி பாடசாலையில் அறிந்து வந்தது இதன் கனி. 93ஆம் அழைப்பு, புதிதாகக் குடியேறுவோருக்கு இவ்வரலாறு சொல்லப்படவேண்டும் என்கிறது. அது நம்மைப் பற்றியது. 59ஆம் அழைப்பு திருச்சபைகளை நோக்கியது. சபை மக்கள் தங்கள் சபையின் பங்கையும், மன்னிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதையும் தொடர்ந்து கற்கவேண்டும் என்கிறது. பாடசாலை தன் பங்கைச் செய்துகொண்டிருக்க, சபையில் நான் "பிறகு சொல்லுகிறேன்" என்றேன்.

நாம் அப்போது இங்கே இல்லையே

உங்களில் சிலர் மனதில் எழும் கேள்வியை அறிவேன். நாமே ஊரை இழந்து வந்தவர்கள். நாம் ஒரு பள்ளியையும் நடத்தவில்லை, ஒரு பிள்ளையையும் பறிக்கவில்லை. இது எப்படி நம்முடைய பாரம் ஆகும்?

கேள்வி நேர்மையானது. நெகேமியாவின் நாட்களில் கூடிநின்றவர்களும் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களே. அவர்களும் இழந்தவர்கள். ஆயினும் அவர்கள் தங்கள் பாவங்களோடு தங்கள் பிதாக்களின் அக்கிரமங்களையும் அறிக்கையிட்டார்கள். குற்றவாளிகளாய் அல்ல, வாரிசுகளாய் அதைச் செய்தார்கள். ஒரு வீட்டைச் சுதந்தரித்தவன் அதன் கடனையும் சுதந்தரிக்கிறான். கிறிஸ்துவின் சரீரம் ஒன்றே என்று நாம் அறிக்கை செய்தால், அச்சரீரத்தின் ஒரு கை செய்ததை மற்றக் கை அறியேன் என்று சொல்ல முடியாது. மேலும், 2021இல் மாற்றப்பட்ட குடியுரிமை உறுதிமொழி, பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கைகளையும் பெயர் சொல்லி ஏற்கிறது. நம்மில் அண்மையில் குடியுரிமை பெற்றோர் அதைக் கையுயர்த்திச் சொல்லியிருக்கிறீர்கள். ஆம் என்றது ஆம் என்றே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவோம்?

முதலாவது, சரியான பெயரால் அழைப்போம். நம் பழைய பாடநூல்களில் கண்ட "செவ்விந்தியர்" என்னும் சொல், இந்தியாவை அடைந்துவிட்டதாகக் கொலம்பஸ் கொண்ட பிழையிலிருந்தும், தோலின் நிறத்திலிருந்தும் பிறந்தது. அதை விட்டுவிடுவோம். அனிஷினாபே, ஹோடெனோஷோனி, கிரீ, இனுவிட், மெத்தி என்று அந்தந்த மக்களின் பெயரைச் சொல்லுவோம். நம்மை எல்லாரும் "ஆசியர்" என்று மட்டும் அழைத்தால் நமக்கு எப்படியிருக்கும்?

இரண்டாவது, நிகழ்காலத்தில் பேசுவோம். "வாழ்ந்தார்கள்" என்று முடித்துவிடாதிருப்போம். 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 18 இலட்சம் பூர்வகுடி மக்கள் கனடாவில் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் அது 5 விழுக்காடு. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அவர்களிடையே பேசப்படுகின்றன. அவர்களில் பலர் கிறிஸ்துவை வணங்கும் நம் சகோதர சகோதரிகள்.

மூன்றாவது, வயதறிந்து சொல்லுவோம். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சட்டையின் கதை போதும். பத்து, பன்னிரண்டு வயதில் சேனியின் கதையைத் தாங்க முடியும். வாலிபர்கள் டாக்டர் பிரைசின் எண்களையும், சபைகளின் அறிக்கைகளையும் வாசிக்கட்டும். அச்சுறுத்தவேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

நான்காவது, வேடிக்கையாக்காதிருப்போம். இறகுத் தொப்பி செய்து தலையில் வைப்பது கற்பித்தல் ஆகாது. அவ்விறகுகள் அவர்களுக்குள் சம்பாதிக்கப்படும் மரியாதை.

ஐந்தாவது, அவர்களுடைய வாயிலிருந்து கேட்போம். பிரான்ட்போர்ட்டில் அப்பழைய பள்ளியின் வளாகத்திலேயே, பூர்வகுடி மக்கள் 1972 முதல் உட்லாண்ட் பண்பாட்டு நிலையத்தை நடத்திவருகிறார்கள். நம் வாலிபர் கூட்டத்தை அங்கே அழைத்துச்செல்ல விரும்புகிறேன். போதிக்க அல்ல, கேட்கப் போவோம். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று முன்னரே கேட்டறிந்து, விருந்தினராய்ப் போவோம்.

கடைசியாக, "சபை செய்தது" என்று சொல்ல அஞ்சாதிருப்போம். நாம் மறைத்தால் பிள்ளைகள் சபையை அதிகமாய் நேசிப்பார்கள் என்று எண்ணவேண்டாம். வெளியே எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, உள்ளே ஒருவரும் அதைப் பேசவில்லை என்று கண்டுகொள்வார்கள். தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்காத வேதத்தை நாம் வைத்திருக்கிறோம். அவ்வேதத்தை நம்பும் சபை தன் வரலாற்றை மறைக்கத் தேவையில்லை.

வரும் ஞாயிறு அச்சிறுமியிடம் போவேன். "நீ கேட்டது சரி. ஆம், சபைதான் நடத்தியது. அது பாவம். அதற்காகச் சபை மன்னிப்புக் கேட்டது. ஆனால் கேட்டதோடு முடியவில்லை" என்று சொல்லுவேன். சட்பரியின் கற்குவியலைப் பற்றியும் சொல்லுவேன். அது ஏன் இன்னும் முடியவில்லை என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் இருக்கும் பதில், இதுவரை நான் என் கல்லை வைக்கவில்லை என்பதே.

ஜெபம்

சிறு பிள்ளைகளை உம்மிடத்தில் வரவிடும்படி சொன்ன ஆண்டவரே, உம்முடைய நாமத்தைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளை அவர்கள் தாயின் மடியிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்த எங்கள் பாவத்தை அறிக்கையிடுகிறோம். வீடு திரும்பாத பிள்ளைகளை நீர் பெயர்பெயராய் அறிந்திருக்கிறீர். திரும்பியும் ஆறாத காயங்களோடு வாழும் பெரியோரைத் தேற்றும். அடைக்கலம் தேடிவந்த எங்களை ஏற்றுக்கொண்ட இந்த நிலத்துக்காகவும், அதைக் காத்துவந்த மக்களுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது உண்மையைச் சொல்லும் தைரியத்தையும், சொன்னபடி வாழும் கிருபையையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.